பயந்த முயலுக்கு சாப்பாடு மாத்தப் போய் நான் பட்ட பாடு

பருத்தின்னு என் முயலுக்குப் பேரு. என்கிட்ட வந்தப்ப ரெண்டு வயசு, ஆம்பள முயல், உடம்பு வெள்ளை, காது ரெண்டும் சாம்பல். ஒரு குடும்பத்துல அவங்க சின்னப் புள்ளைக்கு தோல் அலர்ஜி வந்துருச்சுன்னு வேற வீடு தேடிக்கிட்டு இருந்தாங்க, நான் சிங்கப்பூர் செங்காங்ல தனியா ஒரு மூவறை வீட்டுல இருக்கேன், ரொம்ப நாளா முயல் வளர்க்கணும்னு ஆசை வேற, சரின்னு எடுத்துக்கிட்டேன். போன வருஷம், ஆவிங்க வரும்னு சீனர்கள் நம்புற பேய் மாசம் ஆரம்பிச்ச சமயம். வந்த முதல் நாளே தெரிஞ்சுபோச்சு இவன் ரொம்ப பயந்தவன்னு. கூண்டைத் திறந்ததும் ஓடிப்போய் சோபாவுக்குப் பின்னாடி சுவரோட ஒட்டிக்கிட்டான். குக்கர் விசில் அடிச்சா பின்னங்கால தரையில டம்முனு தட்டுவான். லிஃப்ட் கதவு சத்தம், பக்கத்து வீட்டு கேட் சத்தம், நான் தும்முற சத்தம், எல்லாத்துக்கும் தட்டுவான்.

அவங்க குடுத்துவிட்ட பையில கலர் கலரா ஒரு தீனி இருந்துச்சு. காய்ஞ்ச மக்காச்சோளம், சூரியகாந்தி விதை, பச்சையும் சிவப்புமா வட்ட வட்டமா ஏதோ துண்டு, நடுவுல கொஞ்சம் பெல்லட், அதாவது அரைச்சு அழுத்தின குச்சித் தீனி. கூட ஒரு கட்டு அல்ஃபால்ஃபா, தமிழ்ல குதிரைமசால்னு சொல்ற தீவனச் செடி, புல்லு இனம் இல்ல. ரெண்டு வருஷமா இதைத்தான் சாப்பிட்டு வளர்ந்திருக்கான். அன்னைக்கு ராத்திரி நெட்ல உக்காந்து படிச்சேன். இந்த மாதிரி கலவைத் தீனியில மாவுச்சத்தும் கொழுப்பும் அதிகம், முயல் தனக்குப் பிடிச்சத மட்டும் பொறுக்கித் தின்னுட்டு மத்தத விட்டுரும், அல்ஃபால்ஃபா ஆறு மாசத்துக்குக் கீழ உள்ள குட்டிக்கு சரி, வளர்ந்த முயலுக்கு அதுல சுண்ணாம்புச் சத்து ரொம்ப அதிகம், சிறுநீர்ப்பையில சேறு மாதிரி படியும், அப்படின்னு எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி போட்டிருந்துச்சு. இது எல்லாமே உண்மைதான், அதுல தப்பே இல்ல. தப்பு நான் அடுத்து செஞ்சதுலதான். ஞாயித்துக்கிழமை காலையிலயே அந்த பையை அப்படியே குப்பைக் குழாயில கொட்டிட்டு, கடைக்குப் போய் நல்ல பெல்லட் 38 வெள்ளிக்கும் பெரிய பை டிமோத்திங்கிற காய்ஞ்ச புல்லு 36 வெள்ளிக்கும் வாங்கிட்டு வந்து, புதுக் கிண்ணம், புதுத் தண்ணி பாட்டில், எல்லாம் ஒரே நாள்ல மாத்திட்டேன். அவனுக்கு நல்லது செய்யுறோம்னு மனசுல அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

திங்கக்கிழமை பெல்லட் ஒண்ணு ரெண்டு கடிச்சிருந்தான். புல்லைத் தொடவே இல்ல. அம்மாவுக்கு ஃபோன் பண்ணேன், "பசிச்சா தானா சாப்பிடும் விடும்மா, உனக்கும் உன் அண்ணனுக்கும் அப்படித்தான் பழக்கினேன்"னாங்க. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. முயல் வளர்க்குற யாரா இருந்தாலும் இந்த ஒரு வார்த்தையை மட்டும் நம்பிராதீங்க. முயலோட குடல் எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கணும், நார்ச்சத்து உள்ள போய்க்கிட்டே இருந்தாத்தான் அது ஓடும். பெருங்குடல் தொடங்குற இடத்துல ஒரு பெரிய பை இருக்கு, அதுல கோடிக்கணக்குல நல்ல கிருமிங்க இருந்து புல்லைப் புளிக்க வெச்சு சத்தாக்கிக் குடுக்குது. சாப்பாடு திடீர்னு மாறினாலோ நின்னாலோ அங்க கெட்ட கிருமி பெருகி வாயு சேருது, வாயு சேர்ந்தா வலி, வலிச்சா சாப்பிடாது, சாப்பிடலைன்னா இன்னும் வாயு. முயலால வாந்தி எடுக்கவும் முடியாது. இதைத்தான் ஜிஐ ஸ்டேசிஸ்னு சொல்றாங்க, குடல் நின்னுபோறது. 12 மணி நேரம் ஒரு முயல் எதுவுமே சாப்பிடலைன்னா அது அவசர கேஸ். பயமும் குடலை நிறுத்தும், அதுதான் எனக்குத் தெரியாம போச்சு. புது வீடு, புது ஆளு, புது சத்தம், இதுவே அவனுக்குப் பாதி வியாதி, அதுக்கு மேல புது சாப்பாட்டையும் நான் திணிச்சிருக்கேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை முடிஞ்சு பக்கத்துல இருந்த ஒரு கிளினிக்குக் கூட்டிட்டுப் போனேன். வயித்தை அமுக்கிப் பார்த்தாங்க, உதட்டைத் தூக்கி முன் பல்லைப் பார்த்தாங்க, பல்லு நல்லாருக்கு, புது இடம்ல, ரெண்டு நாள்ல சரியாயிரும்னு அனுப்பிட்டாங்க. 95 வெள்ளி. அன்னைக்கு ராத்திரி நாலு இலை கொத்தமல்லி சாப்பிட்டான், நானும் நிம்மதியா தூங்கிட்டேன். புதன்கிழமை காலையில பார்த்தா புழுக்கை எல்லாம் மிளகு சைஸ்ல கருப்பா கொஞ்சம் கெடந்துச்சு, அதோட அர்த்தம் தெரியாம பெருக்கிப் போட்டுட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தா ஒரு புழுக்கை கூட இல்ல. அன்னைக்குத்தான் எதிர்த்த திடல்ல கெத்தாய் வேற, பேய் மாசத்துக்கு மேடை போட்டு நடத்துற பாட்டுக் கச்சேரி, பத்தரை மணி வரைக்கும் ஸ்பீக்கரு, ட்ரம்ஸு. ஜன்னலை எல்லாம் சாத்திட்டு அவன் பக்கத்துல தரையில உக்காந்திருந்தேன். முதுகைக் கூனிக்கிட்டு, கண்ணைப் பாதி மூடி, பல்லை நறநறன்னு கடிச்சுக்கிட்டு இருந்தான். தடவிக் குடுக்கும்போது மெதுவா பல்லு உரசினா அது சந்தோஷம், இது அது இல்ல, இது எட்டிக் கேக்குற சத்தம், வலி. வாழைப்பழத்தைக் கிட்ட வெச்சேன், அவனுக்கு உயிரு அது, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். அப்பதான் எனக்குக் கையெல்லாம் சில்லுனு ஆயிருச்சு.

ராத்திரி பதினொண்ணுக்கு மேல ஃபோன் போட ஆரம்பிச்சேன். முதல் இடத்துல முயல் பார்க்குறதே இல்லன்னாங்க. ரெண்டாவது இடம் இருபத்துநாலு மணி நேரம் திறந்திருக்கும், ஆனா முயல் பார்க்குற டாக்டர் அன்னைக்கு டியூட்டியில இல்ல. மூணாவது இடத்துல வரச் சொன்னாங்க, ஆனா தீவோட அந்தக் கோடி. எம்ஆர்டியில முயலை ஏத்த முடியாது, அந்த நேரத்துக்கு ரயிலும் இல்ல. செல்லப்பிராணிய ஏத்துற கிராப்பெட் டாக்சியைக் கூப்பிட்டு வண்டி வர இருபத்தஞ்சு நிமிஷம், கேரியரை மடியில வெச்சுக்கிட்டு புளோக் கீழ உக்காந்து அழுதேன். யாருக்கு அந்த நேரத்துல ஃபோன் பண்றதுன்னும் தெரியல, முயலுக்காக ஒருத்தி அழுறான்னு சொன்னா புரிஞ்சுக்குவாங்களான்னும் தெரியல. அதனால சொல்றேன், முயல் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே நாலஞ்சு இடத்துக்கு ஃபோன் பண்ணி, முயல் பார்ப்பீங்களா, ராத்திரியில முயல் தெரிஞ்ச டாக்டர் எந்தெந்த நாள் இருப்பாங்கன்னு கேட்டு எழுதி வெச்சுக்குங்க. நாய் பூனை மட்டும் பார்க்குற டாக்டர்கிட்ட போனா மருந்துலயே ஆபத்து இருக்கு, அமாக்சிசிலின் மாதிரி மருந்தை முயலுக்கு வாய் வழியா குடுத்தா குடல்ல உள்ள நல்ல கிருமி அழிஞ்சு உயிரே போயிரும்.

அங்க டெம்பரேச்சர் எடுத்தாங்க, 37.2. முயலுக்கு 38.5ல இருந்து 40 வரைக்கும் இருக்கணுமாம், குறைஞ்சா நிலைமை மோசம்னு அர்த்தம். எக்ஸ்ரேயில வயித்துலயும் குடல்லயும் கருப்பா வாயு நிறைஞ்சு தெரிஞ்சுச்சு, நல்ல வேளை அடைப்பு இல்ல. அடைப்பு இருக்குறப்ப சிரிஞ்சால ஊட்டினா வயிறே வெடிச்சிரலாம், அதனால வயிறு பலூன் மாதிரி இறுகி இருந்தா வீட்டுல எதுவும் ஊட்டாம முதல்ல எக்ஸ்ரேக்கு ஓடுங்க. வலிக்கு ஊசி போட்டு, தோலுக்கு அடியில தண்ணி ஏத்தி, சூடு குடுத்து ரெண்டு ராத்திரி வெச்சுக்கிட்டாங்க, பில்லு 1,460 வெள்ளி. காதுக்குள்ள பார்க்குற மாதிரி ஒரு குழாயை வாய்க்குள்ள விட்டு பார்த்துட்டு டாக்டர் சொன்னதுதான் எனக்குப் பெரிய அடி. கடவாய்ப் பல்லு ரெண்டு பக்கமும் ஊசி மாதிரி கூரா வளர்ந்து நாக்கைக் குத்திக்கிட்டு இருந்துச்சு. முயலுக்கு மொத்தம் 28 பல்லு, எல்லாமே சாகுற வரைக்கும் வளரும், புல்லைப் பக்கவாட்டுல அரைச்சு அரைச்சுத்தான் தேயும். ரெண்டு வருஷமா புல்லே தின்னாதவனுக்கு எங்க தேயும். மெத்துனு இருக்குற தீனியை எப்படியோ முழுங்கிக்கிட்டு இருந்தவனுக்கு நான் கரடுமுரடான டிமோத்தியைப் போட்டிருக்கேன், அவன் அடம்பிடிக்கல, அவனுக்கு வாய் வலிச்சிருக்கு. முன் பல்லைப் பார்த்துட்டு பல்லு நல்லாருக்குன்னு சொன்னா போதாது, கடவாய்ப் பல்லைக் குழாய் வெச்சுப் பார்த்தீங்களான்னு வாய் விட்டுக் கேளுங்க. உடம்பு தேறினதும் அடுத்த வாரம் மயக்கம் குடுத்து பல்லைத் தேய்ச்சாங்க, அது 580. முதல் கிளினிக், அன்னைக்கு வாங்கின பெல்லட், புல்லு எல்லாம் சேர்த்து மொத்தம் 2,209 வெள்ளி, டாக்சி காசு தனி, மூணு நாள் வருஷ லீவும் போச்சு. எடையும் 1.92 கிலோல இருந்து 1.74க்கு இறங்கிட்டான். பணம் போனது கூட மனசு ஆறிருச்சு, அந்தப் புதன்கிழமை காலையில புழுக்கையைப் பெருக்கிப் போட்டுட்டுக் கிளம்பினேனே, அது இன்னும் ஆறல.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வாரம் கிரிட்டிகல் கேர்னு, சாப்பிடாத முயலுக்கு ஊட்டுறதுக்குன்னே விக்கிற பொடியை வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு ஊட்டணும். பயந்த முயலுக்கு இது பெரிய பாடு. மேல தூக்கினா உதறுவான், முயல் பின்னங்காலை உதறுற வேகத்துல அதோட முதுகெலும்பே முறிஞ்சிரும்னு டாக்டர் எச்சரிச்சு அனுப்பினாங்க, அதனால தூக்கவே இல்ல. நான் தரையில மண்டி போட்டு உக்காந்து, அவனைத் துண்டுல சுத்தி, என் ரெண்டு தொடைக்கும் நடுவுல அதே பக்கம் பார்க்குற மாதிரி வெச்சுக்கிட்டு, முன் பல்லுக்குப் பின்னாடி பக்கவாட்டுல இருக்குற இடைவெளியில சிரிஞ்சை விட்டு ஒரு எம்எல், மென்னு முழுங்கினதும் அடுத்த எம்எல். மல்லாக்கப் படுக்க வெச்சு ஊட்டவே கூடாது, நுரையீரலுக்குப் போயிரும். முதல் நாள் ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. நான் அவசரப்பட்டா அவன் வாயை இறுக்கிக்குவான், நான் மூச்சை மெதுவா விட்டா அவனும் தளருவான்.

அதுக்கப்புறம் டாக்டர் சொன்னது நான் எதிர்பார்க்காத ஒண்ணு. பழைய தீனியையே திரும்ப வாங்கிக் குடுங்க, அங்கருந்து மெதுவா மாத்துங்கன்னாங்க. கெட்டதுன்னு கொட்டினதையே காசு குடுத்து திரும்ப வாங்கினேன். ஒரு வாரம் எதையுமே மாத்தல, ஒரு நாளைக்கு 60 கிராம் பழைய தீனி, அவன் பழைய வீட்டுக் கிண்ணத்தையும் கேட்டு வாங்கிட்டு வந்தேன், தினம் அதே இடம், அதே நேரம். அப்புறம் நாலு நாளைக்கு ஒரு தடவை 5 கிராம் பழசை எடுத்துட்டு 5 கிராம் பெல்லட் போட்டேன், பெல்லட் 30 கிராம் ஆனதும் அதை அங்கயே நிறுத்திட்டு பழசை மட்டும் குறைச்சுக்கிட்டே வந்தேன். அந்த 30 அவன் எடைக்கு டாக்டர் சொன்ன கணக்கு, உங்க முயலுக்கு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. கலவையில இருந்து முதல்ல மக்காச்சோளத்தையும் விதையையும் கையால பொறுக்கி எடுத்தேன். தினம் காலையில கிச்சன் தராசுல ஒரு பெட்டி வெச்சு எடை போட்டு நோட்டுல எழுதுவேன். இடையில மேல் மாடியில ரெனவேஷன் வந்து சுவத்தை உடைக்க ஆரம்பிச்சதும் பத்து நாள் எந்த மாத்தமும் செய்யாம அப்படியே நிறுத்திட்டேன், லிஃப்ட் பக்கத்துல ஒட்டுற நோட்டீஸை அதுக்கப்புறம் ஒண்ணு விடாம படிக்கிறேன். எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட ஒன்பது வாரம் ஆச்சு. நெட்ல ரெண்டு வாரம் மூணு வாரம்னு போட்டிருப்பாங்க, தைரியமான முயலுக்கு அது போதுமா இருக்கும், பயந்த முயலுக்கு அந்தக் கணக்கை நம்பாதீங்க.

பெல்லட் கூட வழிக்கு வந்துருச்சு, புல்லுதான் வரவே இல்ல. வளர்ந்த முயலோட சாப்பாட்டுல பெரும்பங்கு, நூத்துக்கு எண்பதுக்கு மேல, காய்ஞ்ச புல்லா இருக்கணும். அம்மா இதை வைக்கோல்னுதான் சொல்லுவாங்க, ஆனா வைக்கோல் வேற, அது நெல்லு அடிச்ச தாளு, சத்து இல்ல, இது கதிர் முத்துறதுக்கு முன்னாடியே அறுத்துக் காயவெச்ச புல்லு. முதல்ல வாங்கின டிமோத்தி தண்டு தண்டா தடியா இருந்துச்சு, ரெண்டாம் அறுப்புன்னு கேட்டு வாங்கினா இலை ஜாஸ்தியா மெத்துனு இருக்கும், ஆர்ச்சர்ட் புல்லும் மெத்துனு இருக்கும், பல்லு புண்ணு ஆறுற வரைக்கும் இதுங்கதான் சரி. தட்டுல வைக்காம அவன் கழிவுப் பெட்டியிலயே ஒரு ஓரமா வெச்சேன், முயலுங்க புழுக்கை போட்டுக்கிட்டே தின்னும், அது அதுங்க பழக்கம். ஆனாலும் மோந்து பார்த்துட்டுப் போயிருவான்.

வழி காட்டினது புள்ளையார்தான்னு நான் நம்புறேன். ஒரு சங்கடஹர சதுர்த்திக்கு தேக்கா, அதான் லிட்டில் இந்தியா பக்கம் பூக்கடையில அருகம்புல்லு வாங்கிட்டு வந்து, தரையில உக்காந்து ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தேன், டிவி கூட போடல. பருத்தி சோபாவுக்குப் பின்னாடி இருந்து மெதுவா வந்தான். நான் திரும்பிப் பார்க்கல. என் முழங்கால் பக்கத்துல கெடந்த கட்டுல இருந்து ஒரு புல்லை இழுத்து, நூடுல்ஸ் மாதிரி உள்ள இழுத்து மென்னான். என் கிட்ட அவனா வந்து அவனா சாப்பிட்ட முதல் சாப்பாடு அது, எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அப்புறம்தான் யோசிச்சேன், ஊர்ல முயலுக்கு அருகம்புல்லுதானே போடுவாங்க, பெர்முடா புல்லுன்னு வெளிநாட்டுல காயவெச்சு விக்கிறதும் இதே இனம்தான். ஆனா பூக்கடையில சாமிக்குன்னு விக்கிறாங்க, தின்னுறதுக்கு இல்ல, மருந்து அடிச்சிருக்கலாம், அதனால வேரோட கொஞ்சம் எடுத்து வீட்டுத் தொட்டியில நட்டேன், சீக்கிரமே பிடிச்சிருச்சு, அதுல புதுசா வளர்ந்ததைத்தான் அறுத்துக் குடுக்குறேன். புளோக் கீழ வளர்ற புல்லைப் பறிக்காதீங்க, அங்க கொசு மருந்துப் புகையும் படும், நாய்ங்களும் ஒண்ணுக்கு போகும். பச்சைப் புல்லும் புதுச் சாப்பாடுதான், முதல் நாள் நாலு இதழ், அவ்வளவுதான். அப்புறம் அருகம்புல்லைப் பொடிசா நறுக்கி காய்ஞ்ச புல்லுல கலந்து, ரெண்டு வாரத்துல வெறும் காய்ஞ்ச புல்லுக்கே வந்துட்டான்.

நம்ம ஊரு வெக்கையும் ஈரமும் பத்தி யாரும் எனக்குச் சொல்லல. மலிவா இருக்குன்னு பெரிய பை வாங்கி சர்வீஸ் யார்டுல வெச்சேன், மழைக்காலத்துல பத்து நாள்ல பூஞ்சை வாடை, பாதிப் பை குப்பைக்குப் போச்சு. இப்ப சின்னப் பையா வாங்கி, தரையில படாம, சமையல் ஆவி வராத ரூம்ல வெக்கிறேன், ஒவ்வொரு தடவையும் மோந்து பார்த்துட்டுத்தான் போடுறேன், நல்ல புல்லு டீத்தூள் மாதிரி வாசமா இருக்கும். மத்தியானம் 32 டிகிரியில அவன் சாப்பிட மாட்டான், அதைப் பார்த்துப் பயப்படக்கூடாது, ஆனா வெக்கையைக் கண்டுக்காம விடவும் கூடாது. ஃபேனும், துண்டுல சுத்தின ஐஸ் பாட்டிலும் பக்கத்துல இருக்கும். சாப்பாட்டைக் காலையில ஆறு மணிக்கும் ராத்திரி எட்டுக்கு மேலயும் வெக்கிறேன், முயலுக்கு விடியலும் அந்தியும்தான் சுறுசுறுப்பு.

எடையை விட முன்னாடியே தகவல் சொல்றது புழுக்கைதான். உருண்டையா, ஒரே சைஸா, உடைச்சா உள்ள புல்லுத் தூளா இருந்தா நல்லா ஓடுது. சின்னதா, கருப்பா, முத்துமாலை மாதிரி முடியில கோத்து வந்தா கவனிக்கணும். திராட்சைக் கொத்து மாதிரி பளபளன்னு மெத்துனு வர்றது வேற, அது அதுங்களே நேரா வாயால எடுத்துச் சாப்பிட்டுக்கும், அதுல சத்து இருக்கு, அதைத் திங்காம பின்னாடி ஒட்டிக்கிட்டுக் கெடந்தா தீனி ஜாஸ்தியாயிருச்சுன்னு அர்த்தம், எனக்கு ரெண்டு தடவை அப்படி ஆச்சு, ரெண்டு தடவையும் ஒரு படி பின்னால போனேன்.

இப்ப பருத்தி 2.05 கிலோ. குக்கர் விசிலுக்கு இன்னும் காலைத் தட்டுவான், அது மாறாதுன்னு நினைக்கிறேன். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பல்லு காட்டணும்னு சொல்லியிருக்காங்க, கடைசியா பார்த்தப்ப கூரு இல்ல. அம்மா ஜூரோங்ல இருந்து தினம் ராத்திரி ஃபோன் பண்ணுவாங்க, முன்னெல்லாம் முதல் கேள்வி நான் சாப்பிட்டேனான்னு இருக்கும், இப்ப "புழுக்கை போட்டானாம்மா?"ன்னுதான் ஆரம்பிக்கிறாங்க.